நான்காவது ஒயர்

என் செல்ல அம்மாவுக்கு,

அப்பா படுத்துவிட்டார். நான் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

பயமாக இருக்கிறது அம்மா. நாளை ஞாயிற்றுக்கிழமை காலை சேகர் அங்கிள் வந்து உன் பச்சைப் பையை எடுத்துப் போகப் போகிறார். நீ ஊர் ஊராகப் பேசுவாயே அந்த ரேடியோ, பேட்டரி, முக்காலி ஸ்டாண்டு, நீ இழுத்து இழுத்து நிமிர்த்துவாயே அந்தக் கம்பி அண்டெனா, எல்லாமே. ஹாம் ரேடியோ கிளப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு உதவட்டும் என்று அப்பாதான் அவரைக் கூப்பிட்டார். "அந்தப் பை ஊட்டுல கீற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது சேகரு" என்று போனில் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

உனக்குத் தெரியாத ஒரு செய்தி சொல்லட்டுமா? எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. நீ போன பிறகுதான் தபாலில் வந்தது. உனக்கு இருந்ததைப் போலவே, ரேடியோவில் பெயருக்குப் பதிலாகச் சொல்ல எனக்கென்று ஒரு கால்சைன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அதை இன்னும் யாரும் ரேடியோவில் கேட்டதில்லை. பை போய்விட்டால் எப்படிக் கேட்பார்கள்?

நீ இறந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலையில் எல்லோரும் கூடிப் பேசும் அந்த அலைவரிசையில் உன் கால்சைனைக் கூப்பிட்டார்களாம். பதில் வராது என்று தெரிந்தே கூப்பிடுவது ஹாம்களின் வழக்கமாம். கூப்பிட்டுவிட்டு, யாரும் மைக்கைத் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்களாம். சேகர் அங்கிள் இதைச் சொன்னதிலிருந்து என் மனதில் ஒன்றே ஒன்றுதான். அதே அலைவரிசையில் நான் போய், "அவங்க பொண்ணு பேசறேன்" என்று சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓவர்டைம். நானும் என் ஃப்ரெண்ட் நஸ்ரீனும் பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வெள்ளானூர் ஏரிக்கரைக்குப் போனோம். உன் இடம்தான். நீ போன தை மாதத்துக்குப் பிறகு அங்கே நான் போனதே இல்லை. ஸ்டாண்டை விரித்து, அடியிலிருக்கும் சுருளைத் திருகி, கம்பியைக் கடைசி வரை இழுத்து நிறுத்தினேன். பல் துலக்கிக்கொண்டே வந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாமா இது, தூண்டிலா? இம்மா நெட்டுக்கா கீது?"

"ரேடியோ அண்ணாத்தே. இதுல மதுரைக்காரங்கல்லாம் பேசுவாங்க" என்றாள் நஸ்ரீன்.

"மதுரைக்கு போன் போட்டா பேச மாட்டானா? அதுக்கு இன்னாத்துக்கு கம்பி?"

நஸ்ரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் பேட்டரியை மாட்டினேன்.

ரேடியோவைப் போட்டதும், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நடத்துவாரே அந்த மதுரை அங்கிளின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதைப் போலக் கேட்டது. பெங்களூர், கொழும்பு எல்லாம் தெளிவாகக் கேட்டன. மைக்கை அமுக்கி என் கால்சைனைச் சொன்னேன். மீட்டரில் ஊசி சிவப்பைத் தாண்டி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "யாரோ இரைச்சலுக்கு அடியில கூப்பிடுறீங்க, ஒண்ணும் புரியல, திரும்ப வாங்க" என்றார் மதுரை அங்கிள். திரும்பச் சொன்னேன். கத்தினேன். மற்றவர்களையெல்லாம் நிறுத்திவைத்து எனக்காகக் காத்திருந்தார் அம்மா. கடைசியில், "சரி, இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவர்கள் எல்லோர் குரலும் எனக்குக் கேட்கிறது, என் குரல் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. உனக்கும் இப்போது அப்படித்தான் இருக்குமா?

திரும்பும்போது ஆட்டோவில்தான் உறைத்தது. தரையில் விரிக்க வேண்டிய நாலு ஒயர்! "நிக்கற கம்பி பாதி அண்டெனாதான்டி, மீதி பாதி தரையில கெடக்குது" என்பாயே. அந்தப் பாதி இல்லாமல் அனுப்பினால் சக்தி எல்லாம் திரும்பி நம்மிடமே வந்துவிடும் என்பாயே. பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியாக எழுதியவள் ஏரிக்கரையில் மறந்துவிட்டேன். ஏனென்றால் நம் வீட்டில் ஒயர் விரிப்பது அப்பாவின் வேலை. நீ நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகுவாய், அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பக்கமும் ஒயரோடு நடப்பார். முடிந்ததும் அவரே சுற்றி எடுப்பார். அதை யார் கவனித்தோம்?

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டித் தேடினேன். ஒயர் மட்டும் இல்லை. ஏரிக்கரைக்குப் போனது தெரிந்துவிடுமே என்று வாரம் முழுவதும் அப்பாவிடம் கேட்கவில்லை. நாளை பை போகிறதே என்று இன்று சாயங்காலம் கேட்டுவிட்டேன்.

"அப்பா, அம்மாவோட அந்த நாலு ஒயர் எங்க?"

"அது இன்னாத்துக்கு உனக்கு?" அவர் இப்படி அதட்டி நான் பார்த்ததில்லை. பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அன்னிக்கு மூணு ஒயரு சுத்திட்டேன் பாப்பா. நாலாவது, பனமரத்தாண்ட போனது, பாதி சுத்திக்கினு இருந்தேன். உங்கம்மா 'மாமா, இங்க வாயேன்'னா. வெயில் ஏறுது, கெளம்பலாம்னு கூப்புடறான்னு நெனச்சேன். எப்பவும் அப்டித்தான கூப்புடுவா? 'இரு, இத சுத்திட்டு வரேன்'னேன். சுத்திக்கினே திரும்பிப் பாத்தா, சேர்ல சாஞ்சு கீறா. பாதி ஒயரு சுத்த எம்மா நேரம் ஆவும், சொல்லு?"

நீ ஏரிக்கரையில் மயங்கி விழுந்தாய் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். உடனே தூக்கி வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அப்பா காதில் அது விழவே இல்லையா அம்மா? நீதான் சொல்லேன் அவரிடம். நீ எதற்குக் கூப்பிட்டாய்? வலிக்கிறது என்றா? சும்மா பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லியா?

டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொல்வதற்குள் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஒயர் எங்கே என்று கடைசி வரை சொல்லவில்லை.

(அம்மா, எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன்.)

ஹாலில் விளக்கு எரிந்தது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து, பேப்பரைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பச்சைப் பை. மடியில் ஒயர். பக்கத்தில் ஸ்கூட்டர் சாவி. இத்தனை மாதமும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்திருக்கிறார். மூன்று ஒழுங்கான சுற்று. நான்காவது பாதி சுற்றி, மீதி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை மண் அதில் காய்ந்துபோய் இருந்தது.

தலையைத் திருப்பாமலே கேட்டார். "முழிச்சுக்கினு தான கீற? ஸ்டாண்டு காலுல ஒரு ஸ்க்ரூ காணோம். போன வாரம் ஏரிக்கரையில உட்டுட்டியா?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். "உங்களுக்கு எப்டிப்பா தெரியும்?"

"பை பூரா நாயுருவி ஒட்டிக்கினு கீது. பின்ன அது தானா நடந்து போயா ஒட்டிக்கினு வந்துச்சு?"

திட்டப் போகிறார் என்று நின்றேன். அந்த நான்காவது ஒயரை என் பக்கம் நீட்டினார். "இத நீ சுத்து பாப்பா. எனக்குக் கை வரல."

பக்கத்தில் உட்கார்ந்து சுற்றினேன். முடியும் வரை அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"சேகர் அங்கிள் காலையில வருவாரேப்பா?"

"பை எங்கயும் போவாது. நீ பேசறத கேக்க ஏரிக்கரைக்கே வரச் சொல்றேன். போய்ப் படு."

இன்னும் பயம் போகவில்லை அம்மா. மைக்கை அமுக்கியதும் குரல் வராமல் போனால்? உன் பெயரைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டால்? ஆனாலும் பேசுவேன். அப்பா உன் நாற்காலியில் உட்காரட்டும். நாளையிலிருந்து ஒயர் விரிப்பதும் சுற்றுவதும் என் வேலை. சுற்றும்போது அவர் கூப்பிட்டால், எதற்கு என்று கேட்கமாட்டேன். கையில் இருப்பதை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வயிற்றில் பிறந்தவள்,
அப்பாவின் பாப்பா,
கயல்