நாய்க்குட்டிக்கு எட்டாத உயரம்

அன்பு மகன் தாலாய்க்கு அப்பா கால்திபாய் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், ஆடுகள் பனிக்காலத்தைத் தாண்டிவிட்டன, நீயும் அங்கே காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் மனைவி சைகாலுக்குக் குறை ஒன்றும் இல்லை. பிள்ளை அய்சுலூ இப்போது ஆள் முகம் பார்த்துச் சிரிக்கிறாள், உனக்கு விழுவது போலவே அவளுக்கும் ஒரு கன்னத்தில்தான் குழி விழுகிறது. போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறாள், அவள் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீ வேலை செய்கிற நோவோசிபிர்ஸ்க் வரை போகிற வேன்காரனிடம் இதைக் கொடுக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் இல்லாதபோது பிரித்துப் படி.

நம் நாய்க்குட்டி தூமான், கதவு திறந்திருந்தபோது ஓடிப்போய்விட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். குட்டி செத்துப்போய்விட்டது. அப்படிச் சொல்லலாம் என்று வீட்டில் சொன்னதும் நான்தான். பிள்ளைக்கு நாற்பது நாள் முடிந்ததும் அவளுடைய முதல் சட்டையைக் கழற்றி நாய்க் கழுத்தில் கட்டி ஓட விடுவோமே, அதற்கு அடுத்த வீட்டு நாயை இரவல் வாங்கக் கூடாது, நம் நாய்தான் வேண்டும், அது பிள்ளையோடு சேர்ந்து வளர வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். சரி என்று மலைக்கு அந்தப்புறம் போய் நல்ல வேட்டை நாய் வம்சத்தில் சாம்பல் நிறக் குட்டியாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு தினமும் உன் உபதேசம். கம்பளம் தைக்கிற ஊசியைக் கீழே போடாதீங்க, அடுப்புக்குத் தடுப்பு வையுங்க, கிணற்றை மூடுங்க, மருந்து எதுவும் தரையில இருக்கக் கூடாது என்று. நாங்கள் நாயை வைத்து வீட்டைக் காத்தவர்கள், இவன் வீட்டை வைத்து நாயைக் காக்கச் சொல்கிறான் என்று உன்னைக் கேலி செய்தேனே தவிர, நீ சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. குத்தூசிகளை எண்ணி டப்பாவில் போட்டேன். சாம்பல் குழிக்குப் பலகை அடித்தேன். ஆடு குளிப்பாட்டுகிற மருந்து, பழைய பொறி, லாரி எண்ணெய் எல்லாவற்றையும் கொட்டகையிலிருந்து எடுத்து சாமான் அறையில் உயரத்தில் ஏற்றினேன். எல்லாம் முடிந்த பிறகு தரையில் முழங்காலிட்டு, ஒரு குட்டியின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று அறை அறையாகத் தவழ்ந்தும் பார்த்தேன். உன் அம்மா வாசலில் நின்று, "பேத்தி தவழ்றதுக்கு முன்னாடி கிழவன் தவழ ஆரம்பிச்சுட்டான்" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

டிசம்பரில் ஓநாய் இரண்டு ஆட்டைக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அப்போது ஆட்டு வால்கொழுப்பில் விஷம் வைத்து உருண்டை பிடித்தேன், ஆள் வாடை தெரியாமலிருக்க அதன் மேல் காய்ந்த தயிரைப் பொடித்துப் புரட்டினேன். மீந்த ஏழு உருண்டைகளை ஒரு பையில் கட்டிக் கொட்டகை வைக்கோலுக்கு அடியில் வைத்திருந்தேன். பெண்களுக்குத் தெரிந்தால் சோறு இறங்காது என்று வீட்டில் மூச்சு விடவில்லை. குட்டி வந்ததும் அந்தப் பையையும் எடுத்து சாமான் அறை உத்தரத்தில் ஆணியில் மாட்டினேன். பக்கத்து ஆணியில் உன் அம்மாவின் தயிர் உருண்டைப் பை தொங்கியது. இரண்டும் ஒரே பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் தைத்தவை. அது என் கண்ணில் படத்தான் செய்தது. நாய்க்கு எட்டாது என்பது மட்டுமே அன்று என் புத்தியில் இருந்தது, மனுஷ கைக்கு எட்டுமே என்று தோன்றவில்லை.

நாற்பதாம் நாள் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிப் பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். சட்டையில் மிட்டாயும் தயிர் உருண்டையும் வைத்துக் கட்டி, தூமான் கழுத்தில் மாட்டினாள் உன் அம்மா. "ஓடுடா, எங்க பிள்ளையோட பீடையெல்லாம் தூக்கிட்டு ஓடு" என்று முதுகில் தட்டினாள். சட்டையில் கட்டியதை எடுத்துத் தின்னத் தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நான் கறி வெட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு அவிழ்ந்து எல்லாம் பனியில் சிதறியது, குட்டி திரும்பி ஒன்றைக் கவ்வியது. வாசல் பக்கம் போவதற்குள் அது கால் விறைத்து விழுந்துவிட்டது. உன் அம்மா போட்ட கூச்சலில் சைகால் வெறுங்காலோடு ஓடி, பக்கத்து வீட்டு மாம்பெத்தின் மகள் நூர்ஜமால் வாய்க்குள் விரலை விட்டு உருண்டையைத் தோண்டி எடுத்தாள். அவளுக்கு வயிற்றுவலி என்று உனக்குச் சொன்னோம். ஆறு வயதுப் பிள்ளை நாலு நாள் ஆஸ்பத்திரியில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தது. குட்டி முந்திக்கொண்டு விழாவிட்டால் அன்று எத்தனை பிள்ளைகளைப் புதைத்திருப்போமோ தெரியாது. நூர்ஜமால் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அம்மா முதலில் தின்று காட்டினால்தான் ரொட்டியைத் தொடுகிறாளாம்.

கூச்சல் கேட்டதும், உன் அம்மா தன் பை என்று நினைத்து என் பையிலிருந்து உருண்டைகளை எடுத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் நூர்ஜமாலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நான் மட்டும் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி, ஆணியில் இருந்த என் பையோடு சேர்த்து அடுப்பில் போட்டுவிட்டு, வெறும் ஆணியையும் பிடுங்கினேன். உன் அப்பா இப்படிப்பட்டவன், தெரிந்துகொள். விஷம்தான் என்று டாக்டர் சொன்னதும், வெயில் காலத்தில் தயிர் உருண்டைகளைக் கூரையில் காயப் போட்டபோது எலி மருந்து ஏதோ பட்டிருக்கிறது, தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று உன் அம்மா தானே முடிவுகட்டிக்கொண்டாள். "என் கையால ஊர்ப் பிள்ளைங்களைக் கொல்லப் பார்த்தேனே" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். மாவு பிசைவதில்லை, ரொட்டி சுடுவதில்லை. மாம்பெத் வீட்டுக்காரி தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எல்லாவற்றையும்விட, அய்சுலூவைத் தூக்குவதே இல்லை. சைகால் பிள்ளையை நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே வச்சுக்கம்மா, என் கை ஆகாது" என்கிறாள். முப்பத்தாறு வருடம் எனக்குச் சோறு போட்ட கை அது. பதினொரு நாளாக இதைப் பார்த்துக்கொண்டு, அவள் தொடாத மாவில் சைகால் சுட்ட ரொட்டியை நானும் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது, தாலாய்.

இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை ஆடு கத்துகிறது என்று எழுந்துபோனேன், எந்த ஆடும் கத்தவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முதலில் உன் அம்மாவிடமும் பிறகு மாம்பெத்திடமும் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். மாம்பெத் அடித்தால் வாங்கிக்கொள்வேன். இந்தத் தாள் உன் கைக்கு வர ஞாயிற்றுக்கிழமை ஆகும். வந்த உடனே உன் அம்மாவுக்குப் போன் போடு. அவள் என்னைக் கண்டபடி திட்டினால் நான் சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாக இரு. திட்டாமல், எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா என்று மெதுவாகப் பேசினால் உன் அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். அப்போது எனக்காகப் பார்க்காதே, நீயே சொல்லிவிடு, பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்.

உன் தலை நரைத்து உன் பிள்ளைகளின் பிள்ளைகளைப் பார்க்கும்வரை கடவுள் உனக்கு ஆயுளைக் கொடுக்கட்டும். சாரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை மாட்டாமல் ஏறாதே. பிள்ளையின் சட்டையை நானே மூன்று தண்ணீரில் அலசி வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வது என்று அம்மாதான் சொல்ல வேண்டும். கோடையில் வரும்போது வேறு குட்டி வேண்டும் என்று கேட்காதே, இந்த வீட்டுக்கு இப்போது நாய் ஆகாது.

உன் அப்பா,
கால்திபாய்