வளைந்த இறக்கை

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று காலேஜில், காற்றை வேகமாக வீசிச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தில், எங்கள் குட்டி விமானத்தின் இறக்கை நாங்கள் நினைத்தபடியே வளைந்தது. கீல் எதுவும் இல்லாமல், அதன் பின்விளிம்பு பறவையின் இறக்கை போலக் கீழே இறங்கியது. போன இரண்டு முறையும் மேலே ஒட்டிய ரப்பர் சுருங்கி மடிந்துவிட்டது. இன்றும் அப்படியானால் வேறு புராஜெக்ட் பார்க்கச் சொல்லியிருந்தார் புரொபசர். ரப்பரை இழுத்துப் பிடித்து ஒட்டலாம் என்றது என் கூட்டாளி பர்வீன். கிழிந்துவிடும் என்று காலையில் அவளோடு சண்டை போட்டேன். கடைசியில் அவள் சொன்னபடியே ஒட்டினோம்.

காற்று நின்றதும், "நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"தெரியும். வடாபாவ் வாங்கிக் குடு" என்றாள்.

திலக் நகர் ஸ்டேஷன் வரை சிரித்துக்கொண்டே வந்தோம். வீட்டுக்கு வந்து படுத்ததும், அடுத்து நிஜமாகவே பறக்கவிட வேண்டுமே என்று தோன்றியது. விழுந்துவிட்டால் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குள் பர்வீனிடமிருந்து மெசேஜ்: "தூங்குடி. நாளைக்கு வாலையும் வளைக்கலாம்."