நீலக் காலர் தெரிகிற கேமரா

ஜூன் 4, செவ்வாய்

பின்னறையிலிருந்து இன்னொரு துணி ரோல் காணவில்லை. தொழிற்சாலை ஆர்டருக்கு வாங்கி வைத்திருந்த சாம்பல் நிறத் துணி. பின்னறைக் கதவின் தாழ்ப்பாளைக் கொஞ்சம் ஆட்டினால் திறந்துகொள்ளும் என்பது வீட்டோடு பழகியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் யார் இருக்கிறார்கள்? கீழே தையல் மெஷினோடு நான். மாடியில் வாடகைக்கு இருக்கும் நர்ஸும் அவள் பெண் குழந்தையும். குழந்தை ரோலைத் தூக்காது.

பின்பக்கக் கேமராவில் ஓர் உருவம் பதிவாகியிருக்கிறது. தலையைத் துண்டால் மூடியிருக்கிறது. இருட்டில் இந்தக் கேமரா கறுப்பு வெள்ளையாகத்தான் எடுக்கும், முகம் ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனால் சட்டை தெரிகிறது. வெள்ளை. அதுவும் சுருக்கமே விழாமல் தோளிலிருந்து விறைப்பாக இறங்குகிற பாலியஸ்டர். இத்தனை வருஷம் துணியோடு குப்பை கொட்டுகிறேன், எனக்கா தெரியாது? ஆஸ்பத்திரிச் சீருடைத் துணி.

மதியம் தம்பி சாப்பிட வந்தபோது காட்டி, இது மாடிக்காரிதானே என்றேன். அடுத்த தெருவில்தான் இருக்கிறான், ஹோட்டலில் பரிமாறுகிற வேலை, ஆனால் சாப்பாடு மட்டும் அக்கா கையால்தான். ஃபோனை வாங்கி உற்றுப் பார்த்தான். "அவதான்க்கா, சந்தேகமே இல்ல" என்றான்.

ஜூன் 6, வியாழன்

கேட்டேவிட்டேன். மாடிப்படியில் வைத்தே கேட்டேன், குழந்தை பக்கத்தில் நின்றது. நிற்கட்டும், அம்மா லட்சணம் அதுக்கும் தெரியட்டும்.

வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மாதிரி ஒரு முகம் அவளுக்கு. தான் இல்லை என்றாள். படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பார்த்துவிட்டு எனக்கே துணிப் பாடம் எடுக்கிறாள்!

"எங்க சீருடையில நீலக் காலர் இருக்கும்க்கா. இதுல காலர் தனியாவே தெரியலையே."

கறுப்பு வெள்ளையில் நீலம் எப்படியடி தெரியும்? மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீலம்தானே வேண்டும் இவளுக்கு? ராத்திரியிலும் நீலத்தை நீலமாகக் காட்டுகிற கேமரா வாங்குகிறேன். அந்தக் காலரை அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டுகிறேன்.

ஜூன் 7, வெள்ளி

அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

கேமராக் கடை. ராத்திரியில் கலர் எடுப்பதில் இரண்டு வகையாம். ஒன்று, ஆள் நடமாடினால் தானே பளிச்சென்று வெள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டு படம் எடுக்கும். இன்னொன்றுக்கு விளக்கு கிடையாது. லென்ஸ் பெரிது, பக்கத்தில் மங்கலாக ஒரு பல்பு எரிந்தால் போதும், அந்த வெளிச்சத்திலேயே கலர் வந்துவிடும்.

கடைக்காரர் முதல் வகையைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். விளக்கு எரிந்ததும் திருடன் ஓடிவிடுவான், உங்களுக்கும் பொருள் மிச்சம் என்றார். எனக்கு அவள் ஓட வேண்டாம். நிதானமாக நிற்க வேண்டும், குனிய வேண்டும், ரோலைத் தோளில் தூக்க வேண்டும், காலர் தெரிய வேண்டும்.

"எனக்கு பயமுறுத்துற கேமரா வேணாங்க. பிடிச்சுக் குடுக்கிற கேமராதான் வேணும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 11, செவ்வாய்

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்களாம். பகலிலும் மாடியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. நடக்கட்டும் நடக்கட்டும்.

ஜூன் 12, புதன்

நாலு மணிக்கு மேல் அவள் குழந்தையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து மாட்டச் சொன்னேன். மாட்டுகிறவர் முதலில் வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்தார். தார்ப்பாயைக் கட்டி இருட்டாக்கிப் பல்பைப் போட்டுப் பார்த்தால் சுவரில் பட்ட வெளிச்சம் படத்தின் பாதிக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டது. பிறகு தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் தள்ளி, கதவைப் பார்த்தபடி சாய்த்து வைத்தார். இன்னும் கீழே இறக்கச் சொன்னேன். அவருக்குத் தலை தெரிந்தால் போதும், எனக்குக் கழுத்து வேண்டும்.

பழைய கேமராவின் ஒயரை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி பிடுங்கித் தொங்கவிட்டேன். அவள் திரும்பி வந்ததும், அது செத்துப்போச்சு என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். துண்டு போடாமல் வரட்டும் மகராசி. புதுசு மாட்டியது தம்பிக்குக்கூடத் தெரியாது. அவன் நல்ல பிள்ளைதான், பேச்சுவாக்கில் எங்கேயாவது உளறி வைப்பான். ராத்திரி சாப்பிடும்போது அவனும் கேட்டான், சரி செய்யவில்லையா என்று. கையில் காசு வந்ததும் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

கதவை ஒட்டி ஒரு புது ரோலை நிறுத்தியிருக்கிறேன்.

ஜூன் 15, சனி

காலையில் ரோல் இல்லை. காபிகூடக் குடிக்காமல் ஃபோனை எடுத்தேன். சிரிப்பு வேறு வந்தது எனக்கு.

கலர் நன்றாகத்தான் வருகிறது. தாழ்ப்பாளின் துரு தெரிகிறது. துணியின் பச்சை தெரிகிறது. கறுப்புச் சட்டை தெரிகிறது, பாக்கெட் ஓரத்தில் கரை மாதிரி ஓடுகிற சிவப்புப் பைப்பிங் தெரிகிறது. அந்தப் பைப்பிங்கை வைத்துத் தைத்தது நான். ஹோட்டல் சீருடைக்கு.

தம்பி.

துண்டு இல்லை. முகம் அப்படியே முழுசாக விழுந்திருக்கிறது. நான்தானே தைரியம் கொடுத்தேன், கேமரா செத்துப்போச்சு என்று? நான் தூக்கி வளத்த பயடா நீ. பாவி. பாவி.

ஜூன் 16, ஞாயிறு

முந்தைய ரோல்களையாவது அவள் எடுத்திருக்கக் கூடாதா? ராத்திரி முழுக்க அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டையைக் கண்ணால் பார்த்தேனே.

காலையில் பின்னறை ஜன்னலையெல்லாம் அடைத்து இருட்டாக்கினேன். பழைய கேமராவைக் கழற்றி வந்து ஒயர் கொடுத்து, அதன் முன்னால் துண்டுத் துணிகளைத் தொங்கவிட்டேன். நர்ஸ் சீருடை வெள்ளை, கருநீலம், மெரூன், தம்பி சட்டையில் மிஞ்சிய கறுப்பு. ஃபோனில் பார்த்தால் நாலும் வெள்ளை. அந்தக் கேமரா இருட்டில் அடிக்கிற, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் சாயமே நிற்பதில்லை. கறுப்பு பாலியஸ்டர்தான் இருப்பதிலேயே வெளுப்பாகத் தெரிந்தது. துணி எதுவென்று சரியாகச் சொன்னேன். நிறத்தில் கவிழ்ந்துவிட்டேன்.

தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். தம்பிக்காகவா, என் கண் பொய்த்துவிட்டதற்காகவா? இரண்டாவதற்குத்தான் அதிகம் அழுதேன் என்று நினைக்கிறேன்.

மதியம் அவன் வந்ததும் படத்தைக் காட்டினேன். முகம் வெளிறும் என்று எதிர்பார்த்தேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. கேட்டால் கொடுத்திருப்பாயா என்று என்னையே திருப்பிக் கேட்டான். ஒரு பாவமும் அறியாதவள் வேலை போய் நிற்கிறாளே என்றேன்.

"அவதான்னு நீதானக்கா சொன்ன. நான் ஆமான்னேன், அவ்வளவுதான்."

அவன் கை கழுவிவிட்டுப் போனான். படத்தை அழித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

சொல்லிவிடலாமா? சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான். போகாவிட்டாலும் ஹோட்டலில் வைத்துக்கொள்வார்களா? தையல்காரிக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று தெருவே சிரிக்கும். அவளுக்கென்ன, நர்ஸ் வேலை எங்கேயும் கிடைக்கும்.

ஜூன் 20, வியாழன்

மாடியிலிருந்து இறங்கி என் தையல் கடைக்கே வந்துவிட்டாள். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். புதுக் கேமரா ஒன்று இருப்பதைக் குழந்தை பார்த்துச் சொன்னதாம். அதில் யாராவது விழுந்தார்களா என்று கேட்டாள். யாரும் விழவில்லை என்றேன்.

"ஆஸ்பத்திரியில கேட்டா, உறுதியாத் தெரியலன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கக்கா. போதும், என்னத் திரும்பச் சேத்துக்குவாங்க. வீட்டக்கூட நான் காலி பண்ணிடறேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், சுலபமாக இருந்திருக்கும். பார்க்கிறேன் என்றேன்.

"பாக்கறேன்னு சொன்னதே பெரிசுக்கா" என்றாள். கை கூப்பினாள். நான் மெஷினை ஓட்டத் தொடங்கினேன். ஊசிக்குக் கீழே துணியே இல்லை.

ஜூன் 27, வியாழன்

மதியம் ஆஸ்பத்திரி மேலாளர் பேசினார். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஃபோனில் குரல் வெளியே கேட்டது, அவன் மெல்லுவதை நிறுத்தினான். நல்ல வேலைக்காரி அம்மா, இதுவரை ஒரு புகார் கிடையாது, அதனால்தான் உங்களிடமே நேரடியாகக் கேட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தேன் என்றார். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"நீங்க பார்த்தது அவங்களத்தானா? உறுதியாச் சொல்ல முடியுமா?"

மாடியில் அலமாரியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அவளேதாங்க" என்றேன்.

நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். தம்பி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். போட்டேன்.