பிரேக் பிடிக்காத பூஜை நாள்

ஆயுத பூஜை, 1978. இரவு.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் துருப்பிடிக்க விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே சரிசெய்துவந்தேன். பிரேக் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சரியான ரப்பர் வாஷர் கிடைக்கவில்லை. பூஜையன்றே ஓட்டவேண்டும் என்ற வீம்பு. வேறொரு காரின் வாஷரைச் செதுக்கிப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் மனைவி சரோஜாவோடு கிளம்பினேன். பிள்ளைச்சாவடி அருகே மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அடிவரை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துச் சாலையோர மணலில் விட்டேன்.

சரோஜா சிரித்தாள். "என்னை பயமுறுத்தத்தானே இப்படி பண்ணீங்க?"

ஆமாம் என்றேன். கைபிரேக்கை நம்பி ஊர்ந்தே வீடு வந்தோம்.

வந்ததும் மகளிடம் சொல்லிவிட்டாள்: "காலையில அப்பா உன்னையும் கூட்டிட்டுப் போவாரு."

குழந்தை புதுச்சட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறது.