பீரோவுக்குப் பின்னால் ஓர் அறை

மார்ச் 5, செவ்வாய்

இன்று ஆபீசில் முழுக்க வீட்டுக் கணக்கெடுப்பு அட்டவணைதான். எத்தனை பேர், என்னென்ன வயது, வீட்டில் படுக்க எத்தனை அறை. கணவன் மனைவிக்கு ஒன்று. இருபத்தொன்று தாண்டியவர்களுக்கு ஆளுக்கொன்று. பத்து வயதைத் தாண்டிய அண்ணன் தங்கை ஒரே அறையில் கூடாது. இருப்பதிலிருந்து தேவையைக் கழித்தால் மைனஸ் வரும் வீடு நெருக்கடி, பிளஸ் வரும் வீடு தாராளம்.

மைனஸ் அதிகமுள்ள தெருக்களுக்கு நகரமன்றம் மாடியில் அறை கட்டித் தரப் போகிறது. பட்டியல் இருபதாம் தேதி மூடப்படும். எங்கள் தெரு கண்டிப்பாக வரும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மகள் குளியலறைப் படியில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து வழிவிட்டு, மறுபடி உட்காருகிறாள். அடுத்த வருஷம் அவளுக்குப் பெரிய பரீட்சை.

மார்ச் 6, புதன்

எங்கள் தெருவின் கணக்கு வந்துவிட்டது. பூஜ்யம்! நெருக்கடியும் இல்லை, தாராளமும் இல்லை. கச்சிதமாம்.

கச்சிதமா? நேற்றுகூட மகனின் முழங்கால் என் விலாவில் இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் குடும்பத்தில் ஒன்பது பேர், அவர்களும் கச்சிதம். எந்த மகராசன் போய்க் கணக்கெடுத்தானோ! பக்கத்து மேசைக்காரரிடம் கத்தினேன். "கம்ப்யூட்டர் மேல கோபப்பட்டு என்ன பண்றது? எழுதினதைத்தான அது கூட்டும்" என்றார். மனிதருக்கு எப்போதுமே நிதானம்.

மார்ச் 7, வியாழன்

எழுதச் சொன்னது என் மாமியார்.

கணக்கெடுக்க வந்த அன்று நான் ஆபீசில். அத்தைதான் பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை அறை? ஐந்து! ஹாலில் பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எங்கள் படுக்கையறை. அத்தை படுக்கும் சமையலறை. கொழுந்தன் தலையை உள்ளேயும் காலை வெளியேயும் வைத்துத் தூங்கும் தகரச் சாய்ப்பு. நானும் அவரும், அத்தை, கொழுந்தன், பதினாறு வயது மகள், பன்னிரண்டு வயது மகன் — எங்களுக்குத் தேவையும் ஐந்து. உண்மையில் இருப்பது இரண்டு. மைனஸ் மூன்று, அழகாக மறைந்துவிட்டது.

தெருவில் முதல் வீடு நாங்கள். அத்தையின் குரலோ கேட்கவே வேண்டாம். "அஞ்சு" என்றது நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு யாருக்கு ஐந்துக்குக் குறைத்துச் சொல்ல மனசு வரும்? தையல்காரர் மனைவி கயிற்றில் தொங்கும் துணியைச் சுவராக்கி ஏழு என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்க பெருமையால இந்தத் தெருவுக்கே மண்ணு விழுந்துச்சு அத்தை, அந்தப் பொண்ணு பாத்ரூம் படியிலயே கிடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் அரிசியைக் களைந்தபடியே சொன்னார்: "வந்தது சின்னப் பொண்ணும்மா. ரெண்டு ரூம்னு சொன்னா, எம் பையன் இத்தனை வருஷம் சம்பாதிச்சு இவ்வளவுதானான்னு நினைக்க மாட்டாளா?"

அவர் காப்பாற்றப் பார்த்தது என் கணவரை. நான் என்ன பேசினேன்? சே.

மார்ச் 11, திங்கள்

பிரிவு அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். தெருவே அறையைத் தப்பாகச் சொல்லியிருக்கிறது, ஆரம்பித்து வைத்தது எங்கள் வீடு, நான் அங்கேதான் குடியிருக்கிறேன் என்று எதையும் மறைக்காமல். சொந்தத் தெருவுக்காகக் கணக்கைத் திருப்புகிறாள் என்று நினைத்தால்?

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லவேளை, நீங்களா வந்து சொன்னீங்க. மறு ஆய்வு வைக்கலாம். ஆனா நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. ஜனங்க என்ன சொல்றாங்களோ அதான் கணக்கு."

பக்கத்து மேசைக்காரர் சனிக்கிழமை அளவு டேப்போடு போகிறார். அதாவது அத்தை ஒரு அந்நியரிடம் "இரண்டு" என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 13, புதன்

அத்தையிடம் ஆபீசில் நடந்ததைச் சொன்னேன். பதில் சொல்லிக்கொடுக்கவில்லை, விதியை மட்டும் சொன்னேன். நாலு பக்கமும் சுவர், ஒரு கதவு. சமையலறையும் சாய்ப்பும் சேராது. மன்னிப்பும் கேட்டேன். "சரி சரி, தள்ளு, குழம்பு தீயுது" என்றார். அடுப்பில் குழம்பே இல்லை.

மார்ச் 16, சனி

நாள் முழுக்க ஆபீசில் கிடந்தேன். வந்ததும் மகள் ஓடிவந்து கொட்டிவிட்டாள்.

காலையிலேயே அத்தை கொழுந்தனை எழுப்பி, பீரோவைக் காலி செய்து, சுவரோரம் தள்ளச் சொல்லியிருக்கிறார். "அண்ணி வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்று அவன் முனகினானாம். "உங்கண்ணி ஆபீஸ்ல மானத்தை விட்டுட்டு வந்து நிக்கிறா. நான் ஒரு பீரோவை நகர்த்தக் கூடாதா?" என்றாராம்.

அதோடு விடவில்லை. வீடு வீடாகப் போய், "சுவரை எண்ணுங்கடி, துணியை எண்ணாதீங்க. முதல்ல பொய் சொன்னது நான்தான், போதுமா?" என்று அறிவித்திருக்கிறார். அதே குரலில்.

பக்கத்து மேசைக்காரர் வந்து கேட்டதும் நிமிர்ந்து நின்று, "ரெண்டு" என்றாராம்.

இதை எழுதும்போது கண் கலங்குகிறது. என்ன தவம் செய்தேன் இவருக்கு மருமகளாக வர?

மார்ச் 20, புதன்

தெரு பட்டியலில் ஏறியது. எங்கள் வீடு மைனஸ் மூன்று. வாழ்க்கையில் ஒரு மைனஸுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஜூலை 2, செவ்வாய்

தலைக்கு மேலே சுத்தியல். வீடெங்கும் சிமென்ட் தூசி. ஒரு புகாரும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாடியில் மூன்று அறை முடிந்து இரண்டு மாதம். மகளுக்குக் கதவுள்ள அறை. தட்டினால்கூடத் திறக்க மாட்டாள், அவ்வளவு படிப்பு. கொழுந்தன் வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடிபோய்விட்டான். தையல்காரர் வீட்டில்தான் இன்னும் செங்கல் வைக்கவில்லை. அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட இழுத்தடிக்கிறார்.

இன்று நகரமன்றத்திலிருந்து ஒருவர் சரிபார்க்க வந்தார். நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அத்தை குரல் மேலேவரை கேட்டது.

"இப்ப எத்தனை ரூம்மா?"

"நாலு."

ஐந்து! நான் ஈரத்துணியோடு பாதிப் படி இறங்கிவிட்டேன்.

"மேல மூணு, கீழ ரெண்டு இருக்கேம்மா?"

"அதுல ஒண்ணு எங்களோடது இல்ல தம்பி. எதிர்வீட்டுப் பொண்ணுங்க ரெண்டும் அங்கதான் படிக்குதுங்க, அங்கதான் படுக்குதுங்க. அவங்க ரூம் வர்றவரைக்கும் அது அவங்களோடது. எங்க கணக்குல எழுதாதீங்க."

படியிலேயே நின்று யோசித்தேன். உண்மைதான், ஒரு மாதமாக அந்தப் பெண்கள் அங்கேதான் படுக்கிறார்கள். வேறு குடும்பம் படுக்கும் அறையைச் சேர்க்கக் கூடாது, விதி அதுதான். நாங்கள் இப்போது ஐந்து பேர். தேவை நான்கு, இருப்பது நான்கு. பூஜ்யம்.

கச்சிதம். நான் திரும்பி மேலே ஏறி மீதித் துணியை உலர்த்தினேன்.