மந்திரிக்காகக் காத்திருந்த படகு

அண்ணாச்சி,

இன்று காலை திரேஸ்புரத்துக்கு மீன் வாங்கப் போனேன். கரையில் ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. என் ஆத்திரம்தான் இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் முத்துச்சிப்பி ஆராய்ச்சி மாணவன். சிப்பிக் குஞ்சுகள் பாறையில் ஒட்டும் பருவத்தில் கடலில் கூடைகளை இறக்கி, அவை எங்கே பிழைக்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்தப் பருவம் தவறினால் என் ஆய்வு அவ்வளவுதான். உப்பள முதலாளியான நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு படகு தரப்போகிறீர்கள் என்றதும் துள்ளிக் குதித்தேன். என் மாதச் செலவுக்குப் பணம் தந்ததும் உங்கள் அறக்கட்டளைதான்.

படகு பங்குனியிலேயே தயார். பக்கவாட்டில் உங்கள் அப்பா பெயர், அதைவிடப் பெரிதாக உங்கள் பெயர். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மந்திரி வந்து திறந்து வைக்கும்வரை அதில் கடல்தண்ணீர் படக்கூடாது என்றீர்கள். சித்திரை போனது, வைகாசியும் ஆனியும் போயின, மந்திரி வரவில்லை. ஆடி பிறந்ததும், இந்த மாதம் நல்ல காரியம் ஆகாது என்றீர்கள். வாடகை வள்ளத்துக்குப் பணம் கேட்டால், அதுதான் அண்ணாச்சி படகு இருக்கிறதே என்று அலுவலகத்தில் கைவிரித்தார்கள்.

வெயிலில் மரம் காய்ந்து இடுக்கு விட்டுவிடும், ஒரு நாளாவது கடலில் இறக்குவோம் என்று உங்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சினேன். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை நீங்கள்.

"ஏலே, எம் படகுக்கு நீ வைத்தியம் பாக்காண்டாம். மந்திரி கை படாம அது நகராது."

ஆவணியில் மந்திரி வந்தார். அதற்குள் பருவம் முடிந்து, என் கூடைகள் விடுதி அறையில் கிடந்தன. மந்திரி ரிப்பன் வெட்டினார். நாதஸ்வரம் முழங்க, பட்டுச்சட்டையும் மாலையுமாக நீங்களே முதல் ஆளாய் ஏறி நின்றீர்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் இடுக்கெல்லாம் தண்ணீர் கொப்பளித்தது. இடுப்பளவுக் கடலில் மாலையோடு நின்ற உங்களைப் பார்த்து மீன்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏளா, மொதலாளி முத்துக் குளிக்கப் போறாவ பாரு" என்றாள் ஒருத்தி.

நானும் சிரித்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள்.

படித்த பயல்கள் படகைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். மறுமாதமே எனக்குப் பணம் நின்றது. ஆராய்ச்சியை விட்டுத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனேன். கடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உங்களுக்கோ கல்வி வள்ளல் பட்டம். நீங்கள் எங்களுக்கு எதையும் தரவில்லை, அண்ணாச்சி. ஒரு மாலைக்காகப் படகு செய்தீர்கள்.

பிற்பாடு கல்லூரி வாத்தியாராகி, ஓய்வும் பெற்று, இப்போது பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறேன். போன வாரம் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு மைக்ரோஸ்கோப் தருவதாக வந்தார். வந்ததும் விழாவுக்கு யார் தலைமை என்றுதான் பேச்செடுத்தார். நாளைக் காலையே பிள்ளைகள் இதைத் தொடலாமா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். மனிதர் முகம் கறுத்து எழுந்து போய்விட்டார். நல்ல மனிதராகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது உங்கள் முகம்தான். பிள்ளைகளுக்கு வரவேண்டிய மைக்ரோஸ்கோப் போயிற்று. அந்தப் பாவத்தையும் உங்கள் தலையிலேயே கட்டுகிறேன்.