என் முழங்காலைச் சாட்சியாக்கிப் போட்ட தடையை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்
வே. நவீன்குமார்,
தோல் தொழிற்சாலைப் பணியாளர், கூடைப்பந்து வீரர்,
குளக்கரைத் தெரு, பேரணாம்பட்டு,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: பாறைமேடு உள்விளையாட்டரங்கம் – எடைப்பயிற்சி அறை – கூடைப்பந்து வீரர்களுக்குத் தடை – என் முழங்கால் காயம் காரணமாகக் காட்டப்பட்டது – காரணம் தவறு – தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி அறையின் கதவில் ஒட்டப்பட்டுள்ள அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட அறிவிப்பு குறித்து, அதில் சம்பந்தப்பட்டவன் என்ற முறையில் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. "எடை தூக்கியதால் வீரர் ஒருவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டுள்ளது. கூடைப்பந்து ஆட்டத்துக்கு எடைப்பயிற்சி தேவையில்லை. ஆகவே கூடைப்பந்து வீரர்கள் இந்த அறையைப் பயன்படுத்தக் கூடாது" என்பது அறிவிப்பின் வாசகம். அந்த வீரர் நான்தான். முழங்கால் என்னுடையது, இடது. காயம்பட்ட நாள்வரை அந்த முழங்கால் எடைப்பயிற்சி அறைக்குள் நுழைந்ததே இல்லை என்பதைப் பணிவுடனும், மறைப்பானேன், கோபத்துடனும் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. நான் பகலில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தோல் பதனிடும் டிரம்மிலிருந்து இறக்கிய ஈரத்தோலை மரத்தாங்கிக்குத் தூக்கிப் போடுவது என் வேலை. ஈரம் ஏறிய மாட்டுத்தோல் என்ன கனம் கனக்கும் என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு தோலை இரண்டு பேர் தூக்குவோம். யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே முடிவாகிவிடும். அதன்பின் யாரும் பக்கம் மாற மாட்டோம். மாறினால் கூட்டாளிக்குக் கை ஓடாது, தோல் தரையில் விழும், மேஸ்திரியிடம் ஏச்சு கிடைக்கும். நான் வலப்பக்கத்துக்காரன். சேர்ந்த நாள் முதல் இன்றுவரை வலது தோள், வலது கால், அதுதான் என் பக்கம்.

3. மாலையில் பாறைமேடு அரங்கில் கூடைப்பந்து ஆடுவேன். எங்கள் அணித் தலைவர் சமீருல்லாவும் மற்றவர்களும் ஆட்டம் முடிந்து எடைப்பயிற்சி அறைக்குப் போவார்கள். நானும் போகலாம் என்று ஒருநாள் வாசல்வரை போனேன். அறையின் பொறுப்பாளர் திரு. ராமலிங்கம் அவர்கள் என் தோளில் தட்டிச் சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெனமும் ஈரத்தோல தூக்குறவனுக்கு இன்னாத்துக்குடா வெயிட்டு? உனக்கு ஃபேக்டரியே ஜிம்மு. போய் ஷூட்டிங் போடு, போ." எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் போய் அம்மாவிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். தோல் தூக்குகிற உடம்புக்கு வேறு எதுவும் வேண்டாம் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் ராமலிங்கம் ஐயாவுக்கு மட்டும் உள்ளதல்ல. பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் அதையேதான் சொல்வார்கள். நான் பதினோராவது ஆளாக நம்பினேன்.

4. கடந்த சித்திரையில் ஆற்காட்டில் நடந்த போட்டியைப் பார்க்கச் சென்னையிலிருந்து தொழில்முறை அணி ஒன்றின் ஆட்கள் வந்திருந்தனர். நன்றாக ஆடினேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அவர்களுக்கும் இல்லை. கடைசிப் பகுதியில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காகக் குதித்தேன். எதிரணி ஆள் காற்றிலேயே என் இடுப்பில் மோதினார். ஆட்டத்தில் அது சகஜம், அவர்மேல் குற்றம் இல்லை. இடது காலில் மட்டும் இறங்கினேன். கால் தாங்கவில்லை, முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. வலியைவிட, பார்க்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற வெட்கம்தான் அப்போது பெரிதாக இருந்தது.

5. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, தசைநார் அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது என்றார்கள். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் பூர்ணிமா அவர்கள் தையற்கடை டேப் போன்ற ஒன்றால் என் இரண்டு தொடைகளையும் அளந்தார். பிறகு "நீங்க இன்னா வேலை செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "வலது காலு தூக்குது, இடது காலு வேடிக்கை பாக்குது. ரெண்டும் ஒரே ஆளோட காலு மாதிரியே இல்லையே" என்றார். வீக்கம் வடிந்ததும் ஒற்றைக் காலில் அமர்ந்து எழுவது, பிறகு தோளில் கம்பி வைத்து எடையுடன் அமர்ந்து எழுவது, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுவது என்று சிகிச்சை எழுதிக் கொடுத்தார். அதாவது ஐயா, எடை தூக்கியதால் என் கால் கெடவில்லை. தூக்க வேண்டிய முறையில், தூக்க வேண்டிய காலால் தூக்காததால் கெட்டது.

6. வீட்டில் படுத்திருந்த என்னைச் சமீருல்லா போனில் அழைத்தார். "தோஸ்த், உன் காலு பேரைச் சொல்லி எங்க எல்லாரையும் வெளிய நிக்க வெச்சிட்டாங்க. செம பேஜாரா கீது" என்றார். வீக்கம் வடிந்ததும் மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு நானே அரங்குக்கு நொண்டிக்கொண்டு போனேன். என்னைக் குணப்படுத்தும் அறையின் கதவில், என்னையே காரணம் காட்டி, எனக்கே தடை ஒட்டியிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரும்பி வந்து இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன். "காலு ஒடிஞ்சா கலெக்டராபீசுக்கு எழுதுற மொத ஆளு நீதான்டா" என்கிறார் என் அம்மா வள்ளியம்மாள். கால் ஒடியவில்லை என்பதை அவருக்கும் தனியே தெரிவித்துள்ளேன்.

7. இனி, கூடைப்பந்து வீரருக்கு எடைப்பயிற்சி தேவையா என்ற கேள்வி. எடை தூக்கினால் கை கட்டையாகிவிடும், பந்து குறி தவறும் என்பது திரு. ராமலிங்கம் அவர்களின் வாதம். எடைப்பயிற்சி தொடங்கிய முதல் வாரம் சமீருல்லாவின் பந்தும் வளையத்தில் முட்டத்தான் செய்தது. விடாமல் எடையும் தூக்கினார், பந்தும் போட்டுப் பழகினார். இப்போது முன்பைவிடத் தூரத்திலிருந்து போடுகிறார். மேடையில் எண்ணெய் தடவி நின்று காட்டுகிற உடம்பு எங்களுக்கு வேண்டாம். அப்படி ஊதிக்கொண்டால் ஓட முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வளையத்துக்குக் கீழே ஒருவர் முதுகால் தள்ளும்போது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மோதப்பட்டாலும் ஒற்றைக் காலில் ஒழுங்காக இறங்க வேண்டும். கடைசி நிமிடத்திலும் முதல் நிமிடம் குதித்த உயரம் குதிக்க வேண்டும். இவை உயரத்தால் வருவன அல்ல. உயரம் எனக்கு வேண்டிய மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் ஆற்காட்டில் விழுந்தேன். விளையாட்டைத் தொழிலாகக் கொள்பவனுக்கு எடைப்பயிற்சி கட்டாயம் தேவை. அளவும் முறையும் அறிந்தவர் பார்வையில் தேவை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

8. பேரணாம்பட்டில் தனியார் ஜிம் உண்டே என்று தாங்கள் கேட்கலாம். உண்டு. அங்கே நான்கு பக்கமும் கண்ணாடியும் பாட்டும் உள்ளன. கம்பியைத் தோளில் ஏற்றி இறக்கத் தேவையான தாங்கி இல்லை. காலுக்குப் பயிற்சி கேட்டால், "பேன்ட்டு போட்டா காலு எவனுக்குப்பா தெரியும்" என்கிறார் அங்குள்ள பயிற்சியாளர்.

9. சென்னை அணியினர் என்னைக் கைவிடவில்லை. ஆகஸ்ட் மாதம் உடற்தகுதித் தேர்வுக்கு வரச் சொல்லியுள்ளனர். ஒற்றைக் காலில் குதித்து அதே காலில் இறங்கிக் காட்ட வேண்டும், இரண்டு காலிலும். காட்டினால் அணியில் இடம். இல்லையேல் அந்த இடம் வேறொருவருக்கு. அறை திறந்தால் நான் காட்டுவேன். பூட்டியே இருந்தால், விளையாட்டுத் தொழில் எனக்கு ஆற்காட்டோடு முடிந்தது, ஈரத்தோலின் வலப்பக்கம்தான் ஆயுளுக்கும்.

10. அறிவிப்பை எழுதி ஒட்டிய திரு. ராமலிங்கம் அவர்கள்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று தெளிவாகக் கூறிக்கொள்கிறேன். அவர் சத்துவாச்சாரியில் பழகிய பளுதூக்கும் வீரர். ஆற்காட்டில் நான் விழுந்தபோது பார்வையாளர் வரிசையிலிருந்து ஓடிவந்து, என்னைத் தனி ஆளாய்த் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் உட்கார வைத்தவர் அவர்தான். "நான்தான்டா பசங்கள அந்த ரூமுக்குள்ள வுட்டு கெடுத்துட்டேன்" என்று வழி முழுக்கப் புலம்பினார். நான் உள்ளே போனதே இல்லை என்று சொன்னேன். அந்தப் பதற்றத்தில் அது அவர் காதில் விழவில்லை, என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியது தாம்தான் என்பதும் அவருக்கு நினைவில்லை. அறிவிப்பை எழுதியது அதிகாரம் அல்ல, பயம். இன்னொரு பையன் விழுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். அறிவிப்பை மதிக்க முடியவில்லை.

ஆகவே, மேற்படி அறிவிப்பை உடனே அகற்றவும், அறையைக் கூடைப்பந்து வீரர்களுக்கு மாலை வேளையில் திறந்துவிடவும், எங்களுக்கு முறையாக எடை தூக்கக் கற்றுத்தரும் பொறுப்பைத் திரு. ராமலிங்கம் அவர்களிடமே ஒப்படைக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். கம்பியைத் தோளில் ஏற்றி முதன்முறை அமர்ந்து எழும்போது, தடுமாறினால் பிடிக்கப் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று மருத்துவச் சீட்டில் எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு அவரைத் தவிர வேறு யாரும் வேண்டாம்.

நாள்: 14.06.2025
இடம்: பேரணாம்பட்டு

தங்கள் ஆணையை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
வே. நவீன்குமார்

இணைப்பு: மருத்துவச் சீட்டின் நகல்.

நகல்: திரு. ராமலிங்கம் அவர்கள், பொறுப்பாளர், எடைப்பயிற்சி அறை – நேரில் கொடுக்கப்படும்.